கேட்டு வாங்கிய சாம்பியன்

“நான் அமைதியான டைப் சார். என்னை நானே மார்க்கெட் பண்ணிக்க எனக்கு வராது.” வேலை விஷயமாக ஆலோசனை கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் இதைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பெயர் கேட்டி டெய்லர்.

அயர்லாந்தின் பிரே என்ற கடலோர ஊரில் 1986-ல் பிறந்த குத்துச்சண்டை வீராங்கனை. அமெச்சூரில் தொடர்ந்து ஐந்து உலகப் பட்டங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம். தொழில்முறைக் குத்துச்சண்டையில் 2025 ஜூலை வரை 26 போட்டிகள், 25 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. லைட்வெயிட், சூப்பர் லைட்வெயிட் என்று இரண்டு எடைப்பிரிவுகளிலும் நான்கு முக்கிய உலக அமைப்புகளின் பெல்ட்டுகளையும் ஒருசேர வைத்திருந்தவர். இவ்வளவு பெரிய ஆள், பிரஸ் மீட்டில் எதிராளியைச் சீண்டமாட்டார், சவடால் விடமாட்டார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்.

ஆனால் அவருடைய கரியரில் வந்த திருப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். முக்கியமானவை எல்லாம் அவரே வாயைத் திறந்து கேட்டு வாங்கியவை. முடிவெடுக்கும் ஆளிடம், நேராக, காலம் தாழ்த்தாமல் கேட்டிருக்கிறார். சத்தம் போடத் தெரியாதது ஒரு குறையே அல்ல. கேட்கத் தெரியாததுதான் குறை. போட்டி நிறைந்த வேலைச் சந்தையில் இந்த வித்தியாசம் உங்களுக்குப் பிடிபட்டாக வேண்டும்.

1. போஸ்ட் இல்லையென்றால், முதலில் வேலையைக் காட்டுங்கள்

டெய்லர் சிறுமியாக இருந்தபோது அயர்லாந்தில் பெண்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட குத்துச்சண்டைப் போட்டியே கிடையாது. அப்பா பீட் டெய்லர் குத்துச்சண்டை வீரர், பயிற்சியாளர். வீட்டில் எல்லாம் இருந்தது, மோதுவதற்கு மட்டும் ஆள் இல்லை. அதனால் பட்டியலில் ‘கே. டெய்லர்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். தலைக்கவசத்துக்குள் முடியை மறைத்துக்கொண்டு பையன்களோடு மோதினார். மணி அடித்து, போட்டி முடிந்து, கவசத்தைக் கழற்றிய பிறகுதான் எதிரே நின்றது ஒரு பெண் என்று அரங்கத்துக்கே தெரியும்.

2001 அக்டோபர் 31-ல் டப்ளின் நேஷனல் ஸ்டேடியத்தில் அயர்லாந்தின் முதல் அதிகாரப்பூர்வப் பெண்கள் குத்துச்சண்டை நடந்தது. ரிங்கில் ஏறிய டெய்லருக்கு வயது 15. அவருடைய முதல் உலகப் பட்டம் 2006-ல் நம் டெல்லியில் கிடைத்தது. அதே போட்டியில் மேரி கோமும் தங்கம் வாங்கினார். அப்போது ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையே கிடையாது. இல்லாத ஒரு போஸ்ட்டுக்குத் தகுதியான ஆட்கள் உலகம் முழுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். 2009 ஆகஸ்டில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கதவைத் திறந்தது. 2012-ல் டெய்லர் தங்கம், மேரி கோம் வெண்கலம்.

இதிலிருந்து ரெஸ்யூமில் பொய் எழுதலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வேலையைப் பார்ப்பதற்கு முன்பே உங்களை வடிகட்டும் இடங்கள் உண்டு. அங்கே ஆளுக்கு முன்னால் வேலையைக் காட்டுங்கள் என்கிறேன். குழந்தை பிறந்து மூன்று வருடம் கரியர் பிரேக் எடுத்தவரா? ஹெச்.ஆர். முதலில் அந்த இடைவெளியைத்தான் பார்ப்பார். டீம் லீடுக்கு நேராக எழுதுங்கள். அவர்கள் பிராடக்ட்டில் நீங்கள் கண்ட ஒரு பிரச்சினையையும் அதற்கு நீங்கள் செய்து பார்த்த தீர்வையும் ஒரே பக்கத்தில் அனுப்புங்கள். ரெஸ்யூம் அதற்குப் பின்னால் வரட்டும்.

உங்கள் கம்பெனியில் நீங்கள் விரும்பும் போஸ்ட் இன்னும் உருவாகவே இல்லையா? அந்த வேலையில் ஒரு சிறு பகுதியை இப்போதே செய்யத் தொடங்குங்கள். என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் மிச்சமானது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆனால் முடிவில்லாமல் இலவசமாகச் செய்யாதீர்கள். ஒரு கெடு வைத்துக்கொண்டு, கெடு முடிந்ததும் அந்தத் தாளோடு மேனேஜர் முன்னால் உட்காருங்கள். தாள் இல்லாமல் போனால் அது புலம்பலாகத்தான் கேட்கும்.

2. அடி வாங்கிய சூட்டிலேயே அடுத்த கதவைத் தட்டுங்கள்

டெய்லரின் கரியரில் நான் மிகவும் மதிக்கும் கட்டம் 2016. அது ஜெயித்த கட்டம் அல்ல.

அதற்கு முந்தைய ஆண்டு, சிறுவயதிலிருந்து கூடவே இருந்த அப்பாவின் பயிற்சி முடிவுக்கு வந்திருந்தது. 2016 ஏப்ரலில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஒரு தோல்வி. மே மாதம் உலகப் போட்டியில் அரையிறுதியோடு சரி, வெண்கலம். ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் பின்லாந்தின் மிரா போட்கோனனிடம் காலிறுதியிலேயே தோற்றுப்போனார். தோற்பதே அபூர்வம் என்று பெயர் எடுத்தவருக்கு நான்கே மாதத்தில் மூன்று அடி. வயது 30.

நம்மில் பலர் இந்த இடத்தில் என்ன செய்வோம்? “கொஞ்ச நாள் போகட்டும்” என்போம். அப்ரைசலில் ரேட்டிங் குறைந்தால் ஒரு வருடம் அடக்கமாக இருந்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்போம். டெய்லர் அப்படிப் போகட்டும் என்று விடவில்லை. இங்கிலாந்தின் பெரிய புரமோட்டரான மேட்ச்ரூம் நிறுவனத்தின் எடி ஹெர்னை அவரே தொடர்புகொண்டார். தொழில்முறைக்கு வர விரும்புகிறேன், பேசலாமா என்று கேட்டார். அதுவரை ஹெர்ன் எந்தப் பெண்ணையும் ஒப்பந்தம் செய்ததில்லை. பெண்கள் போட்டிக்கு டிக்கெட் விற்காது என்று அந்தத் தொழிலே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

2016 நவம்பர் 26-ல் வெம்ப்ளி அரீனாவில் டெய்லரின் முதல் தொழில்முறைப் போட்டி. ரியோவில் தோற்று மூன்றரை மாதம்கூட ஆகவில்லை.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அவர் தட்டிய கதவு. யாருடைய ஒரு ‘சரி’யில் வேலை நடக்குமோ அந்த ஆளிடம் போனார். “உங்களுக்குத் தெரிந்த இடத்தில் சொல்லி வையுங்கள்” என்று பத்துப் பேரிடம் சொல்லி வைப்பதைவிட, முடிவெடுக்கும் ஒருவருக்கு எழுதும் ஒரு மெசேஜ் மேல். இரண்டு, அவர் கையில் இருந்த சரக்கு. அண்மையில் தோற்றிருந்தாலும் ஐந்து உலகப் பட்டமும் ஒலிம்பிக் தங்கமும் எங்கேயும் போய்விடவில்லை. கடைசி மூன்று மாதத்தை வைத்து உங்களை நீங்களே எடைபோடாதீர்கள். மொத்தக் கணக்கை முன்னால் வையுங்கள். மூன்று, அவர் கேட்டது ஆறுதல் அல்ல, வாய்ப்பு.

மெசேஜ் எழுதும்போது மூன்றே வரி போதும். முதல் வரியில் நீங்கள் செய்து முடித்த ஒன்று, எண்ணோடு. இரண்டாவது வரியில் உங்களுக்கு என்ன வேண்டும். மூன்றாவதில் எப்போது பேசலாம் என்ற கேள்வி. “தங்கள் பொன்னான நேரத்தை” என்று தொடங்கும் மெயிலை யாரும் இரண்டாவது பத்திக்குப் படிப்பதில்லை.

3. முதல் வருடம் அடிக்கடி கண்ணில் படுங்கள்

தங்கம் வாங்கியவர் என்பதற்காக அவரை நேராக மெயின் ஈவன்ட்டில் ஏற்றவில்லை. மற்றவர்களின் பெரிய போட்டிகளுக்கு முன்னால் நடக்கும் சிறு போட்டிகளில்தான் இறங்கினார். முதல் போட்டி முடிந்து இரண்டே வாரத்தில் இரண்டாவது. பதினோரு மாதத்தில் ஏழு போட்டிகள். அந்த ஏழாவது, 2017 அக்டோபர் 28-ல் கார்டிஃபில் அனாஹி சான்செஸை வென்று வாங்கிய, அந்த நான்கு அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.ஏ.வின் உலகப் பட்டம்.

புதுக் கம்பெனியில் சேர்ந்ததும் பெரிய ப்ராஜெக்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். சின்னச் சின்ன வேலைகளை எடுங்கள், முடியுங்கள், முடிந்தது என்று சொல்லுங்கள். பழைய கம்பெனியில் நீங்கள் யார் என்பது புது இடத்தில் இரண்டு வாரம்தான் செல்லுபடியாகும்.

4. உண்மை சொல்லும் ஒருவர் பக்கத்தில் இருங்கள்

தொழில்முறைக்கு வந்ததும் டெய்லர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்குப் போய், ராஸ் எனமெய்ட் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். பகட்டில்லாத ஜிம், ஊர்க்காரர்கள் சூழாத வாழ்க்கை. பாராட்டுகிறவர்கள் எல்லோரும் ஊரில் இருக்கட்டும். உங்கள் வேலையைப் பார்த்து “இது போதாது” என்று சொல்லத் தகுதியுள்ள ஒரு சீனியரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மாதம் ஒருமுறை அவரோடு அரைமணி நேரம் போதும்.

5. சம்பளம் பேசும்போது எதிரில் இருப்பவரின் கணக்கையும் படியுங்கள்

இந்தப் பகுதியில் பாடம் டெய்லரிடம் பாதி, அவருடைய எதிராளி அமாண்டா செரானோவிடம் பாதி. செரானோ போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர். ஏழு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர்.

இந்த இருவரின் மோதல் 2020-லேயே நடந்திருக்க வேண்டியது. கொரோனா வந்தது, பணம் தொடர்பாக இழுபறி வந்தது, செரானோ தரப்பு இறங்கிவர மறுத்தது, பேச்சு முறிந்தது. அவசரப்பட்டுக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் காலி அரங்கத்தில், இன்னொருவரின் போட்டிக்கு முன்னால் அது முடிந்திருக்கும்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு பேரும் சும்மா இருக்கவில்லை. டெய்லர் ஐந்து முறை பட்டத்தைக் காத்துக்கொண்டார். செரானோ, யூடியூபராக இருந்து குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலின் புரமோஷன் நிறுவனத்தோடு கைகோத்துத் தன் பெயரைப் பெரிதாக்கினார். 2022 ஏப்ரல் 30-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மோதினார்கள். அந்த அரங்கத்தின் வரலாற்றில் பெண்கள் மெயின் ஈவன்ட்டாக மோதியது அதுவே முதல் முறை. 19,187 பேர் பார்த்தார்கள். ஆளுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் என்று அறிவித்தார்கள்.

ஆகவே: ஆஃபர் குறைவாக வந்தால் ‘வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வேண்டாம் என்று சொன்ன மறுநாளிலிருந்து உங்கள் விலை ஏற வேண்டும். புது ஸ்கில், புது க்ளையன்ட், இன்னொரு கம்பெனியின் ஆஃபர், ஏதாவது ஒன்று கையில் சேர வேண்டும். சும்மா உட்கார்ந்து காத்திருந்தால் அடுத்த ஆஃபர் இன்னும் குறைவாகத்தான் வரும். இன்னொன்றும் கவனியுங்கள். டெய்லருக்கு அந்தப் பணம் கிடைத்ததற்கு செரானோ என்ற வலுவான எதிராளியும் காரணம். உங்கள் துறையில் உங்களுக்கு நிகரான ஆள் இருக்கிறாரா? அவரை வெறுக்காதீர்கள். சந்தையில் உங்கள் இருவருக்கும் விலை ஏறுவது அந்த ஒப்பீட்டால்தான்.

6. ஐந்தாவது ரவுண்டு

மேடிசன் ஸ்கொயர் கார்டனின் அந்த 2022 இரவில் ஒரு ரவுண்டை மட்டும் அருகில் நின்று பார்ப்போம். பெண்கள் உலகப் பட்டப் போட்டி பத்து ரவுண்டு, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். ஐந்தாவதில் செரானோவின் இடது கை திரும்பத் திரும்ப இறங்கியது. டெய்லரின் முகத்தில் ரத்தம். முதுகு கயிற்றில், கால் தள்ளாடுகிறது. போட்டி இங்கேயே முடிந்துவிடும் என்று அரங்கம் எழுந்து நின்று கத்துகிறது. டெய்லர் அப்போது வீராவேசமாகத் திருப்பி அடிக்கப் போகவில்லை. கட்டிப்பிடித்தார், நகர்ந்தார், மணி அடிக்கும்வரை காலில் நின்றார். மூன்று நிமிட ரவுண்டாக இருந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதி இரண்டு நிமிடம், அதற்கு ஏற்பத் தாக்குப்பிடித்தார். அடுத்தடுத்த ரவுண்டுகளில் மெல்ல மெல்லத் தன் வேகத்துக்குத் திரும்பினார். மூன்று நடுவர்களில் இருவர் அவருக்குக் கொடுத்தார்கள்.

வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு காலாண்டு வரும். க்ளையன்ட் கத்துவார், டீமில் இருவர் ராஜினாமா செய்வார்கள், மேலிடம் தினம் ரிப்போர்ட் கேட்கும். அந்த நேரத்தில் புதிதாக எதையும் நிரூபிக்கப் பார்க்காதீர்கள். புது வாக்குறுதி கொடுக்காதீர்கள். இரவு பதினோரு மணிக்குக் கோப மெயில் அனுப்பாதீர்கள். கையில் இருக்கும் வேலைகளில் விட்டுவிடவே முடியாத இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றவற்றுக்கு எழுத்தில் அவகாசம் கேளுங்கள். அவகாசம் கேட்பதும் கேட்பதுதான். அதற்கு வெட்கப்படுகிறவர்கள்தான் நடுவில் விழுகிறார்கள்.

7. கேட்டது கைகொடுக்காமல் போகலாம்

2023 மே மாதம் டப்ளினில் செரானோவோடு மறுபோட்டி என்று ஏற்பாடு. காயத்தால் செரானோ விலகினார். டெய்லர் ட்விட்டரில், எல்லோரும் பார்க்க, சான்டெல் கேமரனை அழைத்தார். கேமரன் தோல்வியே அறியாத சூப்பர் லைட்வெயிட் சாம்பியன். டெய்லரைவிட ஒரு எடைப்பிரிவு மேலே. பாதுகாப்பான எதிராளி யாரையாவது பிடித்திருக்கலாம். இவர் கேட்டது ஆகக் கடினமான ஆளை.

மே 20, சொந்த நாட்டில் டெய்லரின் முதல் தொழில்முறைப் போட்டி. தோற்றார். இரண்டு நடுவர்கள் 96-94 என்று கேமரனுக்கு, ஒருவர் 95-95. தொழில்முறையில் முதல் தோல்வி, அதுவும் ஊர்க்காரர்கள் கண் முன்னால்.

ரிங்கை விட்டு இறங்கும் முன்பே மறுபோட்டி கேட்டார். நவம்பர் 25-ல், அதே அரங்கத்தில், அதே எடையில், 98-92, 96-94, 95-95 என்று ஜெயித்து நான்கு பெல்ட்டுகளையும் எடுத்துக்கொண்டார். இடையில் ஆறு மாதம்.

இதில் ஒரு நடைமுறைப் பாடம். குத்துச்சண்டை ஒப்பந்தங்களில் மறுபோட்டி ஷரத்து எழுதிக்கொள்வது வழக்கம். தோற்றால் இரண்டாவது வாய்ப்பு உண்டு என்று முன்கூட்டியே காகிதத்தில் இருக்கும். நீங்கள் கடினமான பொறுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கும்போது இதை மறக்காதீர்கள். புது ஊரில் கிளை திறக்கப் போகிறீர்களா? ஓடவில்லை என்றால் பழைய பதவிக்குத் திரும்பலாமா, எத்தனை மாதம் அவகாசம், எதை வைத்து வெற்றி தோல்வி சொல்வார்கள் என்று புறப்படும் முன் மெயிலில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை, சொன்னவர் வேறு கம்பெனிக்குப் போகும்வரைதான். அதற்குப் பிறகு உங்களுக்கு எழுத்துதான் துணை.

8. நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டெய்லரின் பெரிய வெற்றிகள் பல மயிரிழையில் வந்தவை. 2019 ஜூனில் பெல்ஜியத்தின் டெல்ஃபின் பெர்சூனை வென்று நான்கு பெல்ட்டுகளையும் சேர்த்தபோது, பெர்சூன்தான் ஜெயித்தார் என்று பலர் கொதித்தார்கள். 2024 நவம்பரில் டெக்சாஸில் நடந்த செரானோ மறுபோட்டியில், தலையால் முட்டியதற்காக ஒரு புள்ளி பறிக்கப்பட்டும் மூன்று நடுவர்களும் 95-94 என்று டெய்லருக்கே கொடுத்தார்கள். அதையும் ஏற்காதவர்கள் நிறைய. என் கருத்தில், அந்த இரண்டும் எந்தப் பக்கமும் போயிருக்கக்கூடிய போட்டிகள். செரானோவின் வருத்தத்தைக் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் அப்ரைசலும் இப்படித்தான் நடக்கிறது. வருடம் முழுக்க நீங்கள் செய்ததை முழுசாகப் பார்க்கும் மேனேஜர் எவரும் இல்லை. கடைசியில் மனதில் நின்றதற்கே மார்க். டெய்லரின் பழக்கம், வேகமான தொடர் குத்துகளை நடுவர் கண்ணில் படும்படி வீசுவது. உங்களுக்கு? ஒவ்வொரு மாதக் கடைசியிலும் முடித்தவை என்ன என்று ஐந்து வரி மேனேஜருக்குப் போகட்டும். அப்ரைசலுக்கு முன் பிப்ரவரியில் திடீரென்று உழைப்பைக் கூட்டுவதைவிட இது பலன் தரும்.

சர்ச்சையோடு ஜெயித்தால் இன்னொரு கடமையும் உண்டு. பெர்சூனுக்கு டெய்லர் 2020 ஆகஸ்டில் மறுபோட்டி கொடுத்து, தெளிவாக வென்றார். லண்டன் ஒலிம்பிக் காலிறுதியில் அவர் வென்ற நடாஷா ஜோனாஸ், ஒன்பது வருடம் கழித்துத் தொழில்முறையில் எதிரே வந்து ஒரு புள்ளி இடைவெளியில் மிரட்டினார். துறை சிறியது. இன்று நீங்கள் பின்னுக்குத் தள்ளியவர் நாளை உங்களை இன்டர்வியூ செய்யும் பேனலில் இருப்பார். ஜெயிக்கும்போதே மரியாதையாக ஜெயியுங்கள்.

9. சீனியர் ஆன பிறகு பழைய ஆட்டம் வேண்டாம்

2025 ஜூலை 11, மீண்டும் மேடிசன் ஸ்கொயர் கார்டன், செரானோவோடு மூன்றாவது முறை. அன்றைய மொத்தப் போட்டிகளும் பெண்களுடையவை, நேரடி ஒளிபரப்பு நெட்ஃபிளிக்ஸில். டெய்லருக்கு 39 வயது. முதல் இரண்டு போட்டிகளிலும் முகத்துக்கு முகம் நின்று அடி வாங்கியும் கொடுத்தும் மோதியவர், இந்த முறை எட்டியே நின்றார். உள்ளே வந்தார், குத்தினார், வெளியே போனார். குறைவாகவே குத்தினார். ரத்தம் பார்க்க வந்த ரசிகர்களில் ஒரு பகுதிக்கு ஏமாற்றம். இருபது நிமிடமும் தன் திட்டத்தை விட்டு அவர் நகரவில்லை. ஸ்கோர்: 97-93, 97-93, 95-95.

நாற்பதை நெருங்குகிற வாசகர்களுக்காகத்தான் இதைக் கடைசியில் வைத்தேன். இருபத்தைந்து வயதுக்காரரோடு ராத்திரி ஷிஃப்ட்டில் போட்டி போடாதீர்கள். எந்த மீட்டிங்குக்குப் போகாமல் இருக்கலாம், எந்த எஸ்கலேஷனை ஒரு ஃபோனில் முடிக்கலாம், எந்த வேலையை ஜூனியருக்குக் கொடுத்து அவரை வளர்க்கலாம் என்று ஒரு பட்டியல் போடுங்கள். மிச்சமாகும் நேரத்தை உங்களால் மட்டுமே முடிகிற ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டு, அதற்குரிய பதவியையும் சம்பளத்தையும் இந்த அப்ரைசலிலேயே கேளுங்கள்.